மறைந்திருக்கும் நிர்வாகி

மழைநீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரி தாங்கல் எனப்படும். வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல் என ஊர்ப்பெயர்கள் பலவற்றில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. அத்தகைய ஏரிகளின் நீரைப் பங்கிட்டுத் தருபவர் நீர்க்கட்டி. உழவர் தம் வயலின் மடையைத் தாமே திறந்துகொள்ளலாம். ஏரியின் மதகைத் திறக்கும் பொறுப்போ நீர்க்கட்டிக்கே உரியது. மதகு தவறான நேரத்தில் திறந்தால் ஒருவர் வயல் மட்டுமன்று, ஊரார் வயல் அனைத்தும் பாழாகும்.

அடையாற்றங்கரையில் உள்ள ஈக்காட்டுத்தாங்கலை இன்று ஏரியைக் கொண்டு எவரும் அறிவதில்லை. அருகில் 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கிண்டித் தொழிற்பேட்டை, சுற்றிலும் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், 2015 ஜூன் முதல் மெட்ரோ இரயில் நிலையம் என அவ்வூர் மாறிவிட்டது. பட்டறையின் கணக்கு மேசை முதல் மென்பொருள் நிறுவனம் வரை கணினி இல்லாத இடம் அங்கு அரிது. அக்கணினிகளுக்குள்ளும் ஒரு மதகு இருக்கிறது. அதற்கொரு நீர்க்கட்டியும் உண்டு. பெரும்பாலோர் அவரைப் பார்த்ததில்லை.

கணக்குகளும் உரிமைகளும்

ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு அமைக்கப்படுகிறது. பொதுப் பயனர் தம் கோப்புகளை எழுதலாம், அழிக்கலாம். பிறர் கோப்புகளையும் இயக்க அமைப்பின் உள்ளுறுப்புகளையும் தொட இயலாது. புதிய மென்பொருளைக் கணினி முழுமைக்கும் நிறுவுதல், பிறர் கடவுச்சொல்லை மாற்றி அமைத்தல் போன்றவை நிர்வாகிக் கணக்கின் உரிமைகள்.

விண்டோஸ் இயக்க அமைப்பு நிறுவப்படும்போதே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்னும் பெயரில் ஒரு கணக்கு தானாக உருவாகிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் அது வரவேற்புத் திரையில் தோன்றாமல் இருந்தது. ஆனால் செயல்பட்டுக்கொண்டே இருந்தது. பல கணினிகளில் அதற்குக் கடவுச்சொல்லே இடப்படவில்லை. கதவை மூடாமல் திரையை மட்டும் இழுத்துவிட்ட நிலை அது. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதல் அக்கணக்கு மறைக்கப்படுவதோடு முடக்கியும் வைக்கப்படுகிறது.

அதே விஸ்டாவில் மற்றொரு மாற்றமும் வந்தது. சாதாரண நிர்வாகிக் கணக்கில் பணியாற்றுபவரும் முக்கிய மாற்றம் ஒன்றைச் செய்ய முற்படும்போது திரை மங்கி, “அனுமதிக்கிறீர்களா?” என்று கேட்கும். மறைந்திருக்கும் நிர்வாகியிடம் இயல்பு நிலையில் இக்கேள்வி கேட்கப்படுவதில்லை. அவர் கணக்கில் திறக்கப்படும் நிரல் எதுவாயினும், தீநிரலே ஆயினும், முழு உரிமையுடன் இயங்கிவிடும். அதனால்தான் அன்றாடப் பணிக்கு அக்கணக்கைப் பயன்படுத்துவது அறிவுடைமை ஆகாது.

திறக்கும் முறை

பின் ஏன் அதை நீக்கிவிடவில்லை? பயனர் கணக்கு பழுதடைந்து உள்நுழைய முடியாதபோதும், அமைப்பைச் சீர்செய்யும்போதும் அது தேவைப்படுகிறது. கணினியிலுள்ள வேறொரு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறக்க வேண்டும். ‘நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதன் பின் இடைவெளி விட்டு உடுக்குறி இட்டால் புதிய கடவுச்சொல் கேட்கப்படும். அதை முதலில் அமைத்துக்கொள்வது நன்று. பின்னர் அதே கட்டளையின் இறுதியில் உடுக்குறிக்கு மாற்றாகச் சாய்கோடு இட்டு ‘ஆக்டிவ்’, முக்காற்புள்ளி, ‘யெஸ்’ எனச் சேர்த்தால் கணக்கு விழித்தெழும். கட்டளை முழுவதையும் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். வெளியேறி மீண்டும் வந்தால் நுழைவுத் திரையில் அப்பெயர் தோன்றும். பணி முடிந்ததும் ‘யெஸ்’ என்னுமிடத்தில் ‘நோ’ என இட்டு முடக்கிவிட வேண்டும்.

ஏற்கெனவே நிர்வாகி உரிமை பெற்றவரே இக்கட்டளையை இட முடியும் என்பது இங்குக் கருதத்தக்கது. வெளியிலிருப்பவர் உள்ளே புகுவதற்கான குறுக்குவழி இதுவன்று.

முடக்க மறந்தால் நேரும் இடர் கற்பனையன்று. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்னும் கணினிப் புழு, எளிய கடவுச்சொற்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வலையமைப்பில் இருந்த கணினிகளின் நிர்வாகி உரிமையை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. பல முறை தவறான கடவுச்சொல் இட்டால் கணக்கைப் பூட்டும் ஏற்பாடு, இந்த உள்ளமை நிர்வாகிக் கணக்கிற்கு 2022 அக்டோபர் வரை பொருந்தாமலே இருந்தது என்பது வியப்பிற்குரியது. திருடன் எத்தனை சாவிகளையும் போட்டுப் பார்க்கலாம்!

பிற அமைப்புகளில்

லினக்ஸ், யுனிக்ஸ் வகை அமைப்புகளில் இந்நிர்வாகிக்கு ‘ரூட்’ என்று பெயர், அதாவது வேர். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் மாணவர் கைகளுக்கு வந்தது. அதை உருவாக்கியது சீ-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். உபுண்டு லினக்ஸில் ரூட் கணக்கு தொடக்கத்திலிருந்தே பூட்டப்பட்டுள்ளது. ‘சூடோ’ என்னும் கட்டளையால் தேவையான ஒரு செயலுக்கு மட்டும் அவ்வுரிமை கடனாகப் பெறப்படுகிறது. மதகை முழுவதும் திறவாமல் ஒரு வயலுக்கு வேண்டிய அளவு மட்டும் நீர்விடும் முறை இது.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு. 2017 நவம்பரில் ஆப்பிளின் மேக் கணினிகளில், பயனர் பெயராக ‘ரூட்’ என இட்டுக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டே நுழைய முடிந்தது. குறை வெளிப்பட்ட மறுநாளே திருத்தம் வெளியிடப்பட்டது.

உரிமையாளரின் இசைவின்றிப் பிறர் கணினியில் நுழைவது இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்கீழ் வரும். அதை நேர்மையற்ற நோக்குடன் செய்வோருக்கு 66ஆம் பிரிவு மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. பள்ளியின் கணினி ஆய்வகமும் இதற்கு விலக்கன்று.

பழுதுநீக்கும் கடையிலிருந்து திரும்பிய கணினியில் ‘நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதை மட்டும் தட்டச்சு செய்தால், அக்கணக்கு செயலில் உள்ளதா என்பதையும் கடைசியாக எப்போது அதில் நுழைவு நிகழ்ந்தது என்பதையும் திரை காட்டிவிடும்.