ஜெர்மன் நீள்வாளும் நம்ம ஊர்ச் சிலம்பமும்

சொல்லிக்கொடுக்க ஆசானே இல்லாத ஒரு சண்டைக் கலையை, பழைய ஏடுகளை மட்டும் வச்சுக் கத்துக்க முடியுமா? ஐரோப்பாவில் 1990களிலிருந்து பல குழுக்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. அவர்கள் அதிகம் எடுத்துக்கொண்டது, இரண்டு கையாலும் பிடித்து வீசும் ஜெர்மன் நீள்வாள்.

யோஹான்னஸ் லீக்டனாவர் என்ற ஆசானின் பாடம் புதிர் மாதிரியான செய்யுள்களாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அவர் வழிவந்தவர்கள் அதுக்கு உரை எழுதினார்கள். நம்ம சூத்திரமும் உரையும் மாதிரிதான். 1570ல் யோவாகிம் மேயர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படங்களோடு ஒரு பெரிய புத்தகமே அச்சிட்டார். பிறகு அந்த வாள்முறை வழக்கொழிந்துபோனது.

எப்படி மீட்கிறார்கள்? ஓர் உதாரணம்: 'கோப வெட்டு'. வலது தோளிலிருந்து சாய்வாக இறங்குவது. எதிராளியும் வெட்ட, இரண்டு வாளும் முட்டி நிற்கும். அவர் வாள் தளர்வாக இருந்தால், அப்படியே நேராக முகத்துக்குக் குத்து. அழுத்தமாக இருந்தால், வாளை மேலே எடுத்து மறுபக்கம் வெட்டு. இவ்வளவும் உரையில் இருக்கு. மழுங்கிய வாள், முகக்கவசத்தோடு இரண்டு பேர் நிஜமாகவே எதிர்த்து ஆடிப் பார்ப்பார்கள். சரிவரலைன்னா திரும்பவும் ஏட்டைப் புரட்டுவார்கள். எங்க ஐடி பாஷையில் சொன்னால், டாக்குமென்டேஷனை மட்டும் வச்சு புரோகிராமைத் திரும்ப எழுதுறது.

சிலம்பம் இதுக்கு நேர் எதிர். புரோகிராம் இன்னமும் ஓடிக்கிட்டிருக்கு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. ஆனால் குறவஞ்சி, துளுக்காணம் என்று விரியும் முறைகளின் நுணுக்கம் பெரும்பாலும் ஆசான்களின் கையிலும் காலிலும்தான் இருக்கு.

கூடுவாஞ்சேரியில் ஞாயிறு காலையில் நானும் கம்பு பழகுகிறேன். ஆசானுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன மாதம் அவர் காலடி ஒன்றை போனில் வீடியோ எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் கால் மாறுவது தெரிந்தது. ஏன் மாறுகிறது என்பது தெரியவில்லை. அடுத்த வாரம் கேட்டேன். எதிராளி கம்பை அழுத்தினால் மட்டும்தான் மாற வேண்டுமாம். அழுத்தாவிட்டால் அதே காலில் நின்று குத்து. இரண்டு வருஷமாக நான் எப்போதும் மாற்றிக்கொண்டிருந்தேன்!

ஜெர்மன்காரர்களின் உரையில் இருப்பது இந்த 'இப்படி வந்தால் இப்படி'தான். வீடியோவில் அது பதிவாகாது. அதனால் இப்போது ஒரு நோட்டும் கொண்டுபோகிறேன். நீங்களும் கம்பு கத்துக்கிறீங்கன்னா, ஒவ்வொரு காலடிக்கும் 'ஏன்' என்று ஆசானிடம் கேட்டு எழுதி வையுங்க. கேட்க ஆள் இருக்கும்போதே.