காயலான் கடைக்குப் போகும் மங்குச் சாமான்

பரணிலோ கடையின் பின்கட்டிலோ கிடக்கும் பழைய எனாமல் டப்பா, தட்டு, டிபன் கேரியர் முதலியவற்றை எடைக்குப் போட நினைக்கும் உறுப்பினர்கள், முதலில் இதைப் படித்துவிடுவது நல்லது. வியாசர்பாடியில் நமது கிடங்கைச் சுற்றியுள்ள காயலான் கடைகளில் இவை இரும்பு விலைக்கே போகின்றன. இதே சரக்கைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டாரும் தேடி வந்து வாங்குகிறார்கள். அங்கே கணக்கு எடைக்கு அல்ல, உருப்படிக்கு.

செட்டிநாட்டில் இதற்கு மங்குச் சாமான் என்று பெயர். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த நகரத்தார் வாங்கி வந்து, பெண்ணுக்குச் சீராக அடுக்கிக் கொடுத்தவை. திருப்பிப் பார்த்தால் அடியில் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாகியா என்று முத்திரை இருக்கும். எவர்சில்வர் வந்தபின் பெட்டகசாலைக்குள் போயின. வீடுகள் பாகம் பிரிந்தபோது கடைத்தெருவுக்கு வந்தன.

எனாமல் என்பது வேறொன்றுமில்லை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைக் குழம்பாகப் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பதுதான். பீங்கான் போல் தோன்றினாலும் காந்தம் ஒட்டும்.

மேல்நாடுகளில் சேகரிப்போர் பெரிதும் விரும்புவது பிரான்சு தேசத்துச் சரக்கு. கடிகாரத் தொழிலில் தொடங்கிய ஜாப்பி குடும்பத்தாரின் ஆலையும் அங்கே எனாமல் பாத்திரம் செய்தது. மளிகைக்காரர்களாகிய நமக்குப் பிடிக்கக்கூடியது அவர்களின் அடுக்கு டப்பா. மாவு, சர்க்கரை, காப்பி, டீ, மிளகு என்று பெயர் எழுதி, பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய் நிற்கும். மாவுக்குப் பெரிது, மிளகுக்குச் சிறிது. நம் கடையையே சுருக்கி அடுப்படியில் வைத்தாற்போல!

கடையில் அழகுக்கு அடுக்கி வைக்கலாம். ஆனால் அதில் தின்பண்டம் போட்டு விற்கக் கூடாது. இதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். பழைய பூச்சுகளில் ஈயம், காட்மியம், ஆன்டிமனி கலந்திருக்கலாம். 1928-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், எனாமல் பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்திருந்த எலுமிச்சைப் பானத்தைக் குடித்துப் பலர் வாந்தியெடுத்துப் படுத்தனர். பூச்சிலிருந்த ஆன்டிமனியைப் புளிப்பு கரைத்துவிட்டது. ஆகவே புளி, ஊறுகாய், மோர் எதுவும் அருகில் வரக் கூடாது. சில்லு பெயர்ந்த இடத்தில் உப்பு பட்டால் துரு ஓடும். பெயர்ந்த சில்லு கண்ணாடி என்பதையும் மறக்க வேண்டாம். பாக்கெட் சரக்கை உள்ளே நிறுத்திக் காட்டுவதில் தவறில்லை.

கழுவ ஆப்பசோடாவும் வெதுவெதுப்பான நீரும் போதும். கம்பி நார், சபீனா வேண்டாம். சூடான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பூச்சு வெடிக்கும்.

நம் பெரியவர்கள் கடை முகப்பில் மாட்டிய தேயிலை, சோப்பு விளம்பர எனாமல் போர்டுகளும் இதே இனந்தான். அவற்றின் மேல் பெயின்ட் அடிக்காமல், துருப்பிடித்த மூலைகளை உப்புத்தாளால் தேய்க்காமல், துடைத்துக் கடைக்குள் மாட்டிவிடுங்கள்.