உடுப்புப் பெட்டி போனாலும் அளவு மட்டை இருக்கட்டும்

வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர்தான் எமது கிராமங்களில் கூத்துக்கு நேரம் வரும். பகலில் வரம்பில் நின்ற மனிதரே இரவில் வட்டக்களரியில் தருமராகவும் துரியோதனனாகவும் நிற்பார். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அரசர்களின் தோற்றம் மறக்காது. வளையம் வைத்து விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, தலையில் உயர்ந்த கிரீடம், மார்பிலே பதக்கம், தோளிலே புஜம். இவையெல்லாம் கூடினால்தான் எங்கள் ஊர் விவசாயி அரசனாவார்.

ஒரு கூத்துக்கு மத்தளம் வேண்டும், பாட்டு வேண்டும், உடுப்பு வேண்டும். இடம்பெயரும்போது பாட்டு அண்ணாவியாரின் நெஞ்சோடு போகும். மத்தளத்தைத் தோளிலே மாட்டிக்கொள்ளலாம். உடுப்புப் பெட்டியோ பாரம். 1990ஆம் ஆண்டிலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோதும், 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து மக்கள் வெளியேறியபோதும் எதைக் கையில் எடுத்தோம் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். உரப்பையில் அரிசி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி. கிரீடத்தை எடுக்க எவருக்கும் கை ஓடாது. அது தவறுமல்ல.

ஆனால் திரும்பி வந்து பார்க்கும்போது பெட்டி இல்லையென்றால், கூத்துப் பழகுவதற்கே மனம் வராமற் போய்விடுகிறது. "உடுப்பில்லாமல் என்ன கூத்து?" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் இளையவர்களும் விட்டுவிடுகிறார்கள். புதிதாக மரத்தில் செய்விப்பதற்குப் பணமும் வேண்டும், கைதேர்ந்த ஆளும் வேண்டும். ஆகவே குறைந்த செலவில், வீட்டிலே, எமது கையாலேயே செய்யக்கூடிய ஒரு முறையை இங்கு தருகிறோம்.

போம் பாய் என்றால் என்ன?

பாலர் பாடசாலைகளில் பிள்ளைகள் விளையாடுவதற்கு விரிக்கும் சதுரப் பாய்களைக் கண்டிருப்பீர்கள். ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி விரிப்பார்கள். பொதுவாக ஒரு பாய் 60 சென்ரிமீற்றர் சதுரம், 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பு. நிறை அரைக் கிலோவுக்கும் குறைவு. வீட்டில் போடும் செருப்புகள் பலவற்றின் அடியும் இதே வகைப் பொருள்தான். காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் இது பாரமில்லாமல் இருக்கிறது. சூடு பட்டால் இளகும். இளகியதை வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். கவசம் செய்ய இந்தக் குணமே உதவுகிறது.

கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் பாத்திரங்களைப் போல வேடமிடும் பொழுதுபோக்கு ஒன்று உலகின் பல நாடுகளில் உண்டு. அதற்குரிய 'கொஸ்பிளே' என்ற சொல் 1980களில் ஜப்பானில் பிறந்தது. இரும்புக் கவசம் போலத் தெரியவேண்டும், ஆனால் பாரமாக இருக்கக்கூடாது என்று தேடிய அந்த இளைஞர்கள் தரையில் விரிக்கும் பாயிலே வழி கண்டார்கள். அவர்களுடைய முறையை எமது கூத்துக்கு ஏற்றவாறு எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவருக்கு மார்பு, முதுகு, இரு தோள், கிரீடம் ஆகியவற்றைச் செய்ய ஏறத்தாழ நான்கு பாய்கள் போதும். பாலர் பாடசாலைகள் கழித்துவிடும் பழைய பாய்களையும் கேட்டு வாங்கலாம். வீட்டில் குழந்தையோ நோயாளியோ படுக்கும் பாயில் மட்டும் கை வைக்கவேண்டாம்.

முதலில் அளவு மட்டை

பாயை வெட்டுவதற்கு முன் அளவு மட்டை செய்யவேண்டும். இதுவே முழு வேலையிலும் முக்கியமானது.

ஆடப்போகிறவருக்கு ஒரு பழைய பெனியனைப் போட்டுவிடுங்கள். அதன் மேல் கடதாசி ஒட்டு நாடாவைச் சுற்றி இறுக்கமில்லாமல் ஒட்டுங்கள். கவசத்தின் வடிவத்தைப் பேனையால் அதன் மேலேயே வரையுங்கள். கழுத்து எங்கே தொடங்கவேண்டும், கை உயர்த்தும்போது எங்கே இடிக்கும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். நடுக்கோடு ஒன்றையும் போடுங்கள். பின்னர் பெனியனோடு சேர்த்து வெட்டிக் கழற்றி, வரைந்த கோடுகள் வழியே துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் பிஸ்கற் பெட்டி மட்டையில் வைத்து வரைந்தால் அளவு மட்டை தயார்.

உடம்பின் இரு பக்கமும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அளவு ஒன்றாக இராது. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் அளந்து, அதே மட்டையைத் திருப்பி வைத்து மறுபக்கத்தை வெட்டுவது நல்லது. ஒவ்வொரு மட்டையிலும் "இடது தோள், வெளிப்பக்கம்" என்று எழுதுங்கள். எந்த ஓரம் எதனோடு சேரும் என்பதற்கு அடையாளக் கோடு இடுங்கள்.

வெட்டுதலும் வளைத்தலும்

பாயின் பல் ஓரங்களை முதலில் நீக்குங்கள். கோடு கோடாக உள்ள பக்கம் உள்ளே போகட்டும். மழமழப்பான பக்கம் வெளியே வரட்டும். கத்தியின் அலகு புதிதாக இருக்கவேண்டும். மழுங்கிய அலகு பாயை வெட்டாது, பிய்க்கும். ஒரேயடியாக அழுத்தாமல் இரண்டு மூன்று தடவை இழுத்து வெட்டுங்கள். கை எப்போதும் அலகின் பாதைக்கு வெளியே இருக்கட்டும். இரண்டு துண்டுகள் மூலையாகச் சேரவேண்டிய இடத்தில் ஓரங்களைச் சரிவாக வெட்டினால் பொருத்தம் அழகாக வரும். மார்பு புடைத்து நிற்கவேண்டுமானால் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இரு ஓரங்களையும் சேர்த்து ஒட்டுங்கள். தையற்காரர் சட்டைக்குப் பிடிப்பு வைப்பதும் இப்படித்தான்.

வளைப்பதற்குச் சூடான காற்று வீசும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மெல்லிய துண்டுகளின் மேல் துணி விரித்து அயன் பெட்டியால் சூடேற்றலாம். மின்சாரம் இல்லாத வீட்டில் கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, இடுக்கியால் எடுத்துத் துடைத்து, குடத்தின் வயிற்றிலே வைத்து வளைத்துப் பிடிக்கலாம். ஆறும்வரை கையை விடவேண்டாம். அடுப்பு நெருப்பிலே நேரடியாகக் காட்டக்கூடாது. இப்பொருள் தீப்பற்றி எரியும்.

ஒட்டுதலும் வர்ணமும்

சப்பாத்துத் திருத்துபவர்கள் பாவிக்கும் மஞ்சள் நிறப் பசையே இதற்கு ஏற்றது. சேரவேண்டிய இரு ஓரங்களிலும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை ஏறத்தாழ 10 நிமிடம் விடுங்கள். பின்னர் ஒரு முனையிலிருந்து கவனமாகச் சேர்த்து அழுத்துங்கள். சேர்ந்தபின் இழுத்துத் திருத்த முடியாது. இப்பசையின் ஆவி தலைச்சுற்றை உண்டாக்கும், நெருப்பையும் இழுக்கும். ஆகவே வெளியே மரநிழலில் வைத்தே ஒட்டுங்கள். பக்கத்தில் பீடியோ விளக்கோ வேண்டாம். சிறு பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கவும் வேண்டாம்.

பாயில் நேரே வர்ணம் பூசினால் அது உறிஞ்சிவிடும்; பூசியதும் வெடிக்கும். தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையில் சிறிது தண்ணீர் கலந்து, மூன்று நான்கு தடவை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். அதன் பின்னர் கறுப்பு, அதற்கு மேல் பொன் அல்லது வெள்ளி. தூரிகையைத் துடைத்துவிட்டு மேடான இடங்களில் மட்டும் உரசினால் பழைய உலோகம் போலவே தெரியும்.

குமிழ், பூ, பதக்கக் கல் போன்றவற்றைத் தேய்ந்த செருப்பின் அடியிலிருந்து வெட்டி எடுக்கலாம். மினுக்கத்துக்குக் கண்ணாடித் துண்டுகளைத் தவிர்த்து, தேயிலைப் பொதியின் வெள்ளித்தாளை ஒட்டுங்கள். கண்ணாடி களரியில் விழுந்தால் வெறுங்காலுடன் ஆடுபவரின் பாதத்தைக் கிழிக்கும்.

ஆடிப் பார்த்த பின்பே முடிவு

வர்ணம் பூசுவதற்கு முன் அண்ணாவியாரை அழைத்து, கவசத்தைக் கட்டி ஒரு தடவை ஆடிப் பாருங்கள். கை முழுதாக உயர்கிறதா? சுழலும்போது கிரீடம் அசைகிறதா? மரக் கிரீடம் தன் பாரத்தினாலேயே தலையில் அமர்ந்திருக்கும். போம் கிரீடம் இலேசானது, சுழற்சியில் கழன்று போகலாம். ஆகவே தலையில் முதலில் துணி கட்டி, கிரீடத்தை நாடாவால் தாடையின் கீழ் முடியவேண்டும். மார்பையும் முதுகையும் விலாப் பக்கத்தில் இலாஸ்ரிக்கினால் இணைத்தால் மூச்செடுக்க இடமிருக்கும். போம் வியர்வையை வெளியே விடாது. ஆடுபவருக்கு இடையிடையே தண்ணீர் கொடுங்கள். தீப்பந்த வெளிச்சத்தில் ஆடுவதாயின் இந்த உடுப்பை அணியவே வேண்டாம்.

"பாயால் செய்த உடுப்பு மரபாகுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முன்னோரும் கைக்கெட்டிய இலேசான மரத்தையும் கடதாசியையும் கண்ணாடியையும் கொண்டே அரசரை அலங்கரித்தார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார். ஆட்டமும் பாட்டும் தாளமும் அழியவில்லை. உடுப்பின் வடிவமும் அளவும் எப்படி இருக்கவேண்டும் என்பதை அண்ணாவியாரே சொல்லட்டும். எந்தப் பொருளால் என்பதை எமது மடி தீர்மானிக்கட்டும். பழைய மரக் கிரீடம் எங்காவது எஞ்சியிருந்தால் அதை எறியவேண்டாம். அதை அளந்து மட்டையில் வரைந்துகொள்ளுங்கள்.

கர்ணனுடைய கவசம் உடம்போடு பிறந்தது. ஒருமுறை அறுத்துக் கொடுத்தபின் அது மீண்டும் வரவில்லை. எமது கவசம் அப்படியல்ல. அளவு மட்டை கையில் இருந்தால் எந்த ஊரிலும் நான்கு பாய் வாங்கி, சில நாட்களில் மீண்டும் செய்துகொள்ளலாம். ஆகவே வேலை முடிந்ததும் மட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள். அவற்றைக் கடதாசியில் பிரதி எடுத்து, ஆடுபவரின் உயரத்தையும் பாத்திரத்தின் பெயரையும் எழுதி மடியுங்கள். ஒரு பிரதி ஊர்ப் பாடசாலையில் இருக்கட்டும். இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். மூன்றாவதைப் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதி வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள்.