பரிமாறக் கற்பது யாரிடம்?

ஓட்டல் தொழிலைப் பற்றிய இந்தத் தொடரில் இதுவரை அடுப்படிப் பக்கமே நின்றுகொண்டிருந்தோம். இந்த வாரம் கதவைத் தாண்டி மேசைப் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் ஓட்டல் நடத்தும் யாரைக் கேட்டாலும் முதல் புலம்பல் ஆள் கிடைக்கவில்லை என்பதாகத்தான் இருக்கும். மாஸ்டர் கிடைக்காவிட்டால் கூடுதல் சம்பளம் பேசி வேறொரு கடையிலிருந்து அழைத்துவருகிறார்கள். சப்ளையர் கிடைக்காவிட்டால் நேற்று ரயிலை விட்டு இறங்கிய பையனுக்குச் சீருடை மாட்டி இன்று மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும், பரிமாறக் கை இருந்தால் போதும் என்ற எண்ணம் இதில் ஊறிக்கிடக்கிறது. பரிமாறுவதும் ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டிய கைத்தொழில் என்பது என் கட்சி. அதை வகுப்பறையில் மட்டும் கற்க முடியாது. சொல்லித்தர ஆளில்லாமல் வேலையில் தள்ளிவிட்டாலும் வராது. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், சம்பளத்தோடு, ஒரு மூத்தவரின் பார்வையில் பழகினால்தான் கைக்கு வரும்.

முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. நியாயமான வழி என்று சொல்லமாட்டேன். பத்து, பன்னிரண்டு வயதில் ஊரிலிருந்து அனுப்பப்பட்ட பையன் மேசை துடைப்பான். பிறகு தண்ணீர் வைப்பான். மீசை அரும்பும் வயதில் சப்ளையர் ஆவான். கணக்கு சுத்தமாக இருந்தால் என்றாவது கல்லாவில் உட்காருவான்; கெட்டிக்காரர்கள் சிலர் சொந்தக் கடையும் போட்டார்கள். (1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாயகனுக்கு உயர்வு வருவது சினிமாவில் நடித்துத்தான். ஓட்டலுக்குள்ளேயே ஒருவன் உயரலாம் என்று திரைக்கதைக்குக்கூடத் தோன்றவில்லை.) 2006 அக்டோபர் 10 முதல் ஓட்டல், உணவகம், தாபாக்களில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. 2016-ல் வந்த சட்டத்திருத்தம், சில விலக்குகளோடு, இந்தத் தடையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. அடைக்கப்பட்டே ஆக வேண்டிய வழி அது. ஆனால், குழந்தையின் முதுகில் ஏறிநின்ற அந்த ஏணியை எடுத்த பிறகு, பதினெட்டு வயது இளைஞனுக்கென்று வேறொரு ஏணியை யாரும் சாத்தவில்லை.

இன்று இருப்பவை இரண்டு வாசல்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய வெளி. ஒரு பக்கம் சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருப்பவை போன்ற ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகள். அவற்றின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சமையல், உணவு பரிமாறுதல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு என்று நான்கு துறைகளையும் மாணவர் தொட்டாக வேண்டும். பட்டம் கையில் வந்ததும் அவர் தேடுவது மேற்பார்வைப் பதவி. மேசையருகே நிற்பதை அங்கே போய்ச்சேரும் வழியில் சில மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே நினைக்கிறார். அதில் தவறில்லை, படிப்பின் வடிவமே அப்படி. மறுபக்கம் குறுகிய காலப் பயிற்சிகள். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10-ல் தொடங்கிய ‘ஹுனர் ஸே ரோஸ்கார் தக்’ திட்டத்தில், எட்டாம் வகுப்பு முடித்த இளைஞர்களுக்குச் சமையல் பயிற்சி எட்டு வாரம், பரிமாறும் பயிற்சி ஆறு வாரம் என்று ஆரம்பத்தில் வகுத்தார்கள். இரண்டுமே போதாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பரிமாறுவதற்கு இரண்டு வாரம் குறைவு என்று தீர்மானித்த மனம் நம் எல்லோருக்கும் பழக்கமான மனம்தான்.

ஆறு வாரத்தில் என்னவெல்லாம் சொல்லித்தர முடியும்? எந்தப் பக்கம் நின்று தட்டை வைப்பது, கண்ணாடித் தம்ளரை எங்கே பிடிப்பது, தட்டுகளை எப்படி அடுக்கி எடுப்பது, ஆங்கிலத்தில் எப்படி வணக்கம் சொல்வது என்பதையெல்லாம் சொல்லித்தரலாம். இவை தொழிலின் அரிச்சுவடி. அதற்கு மேல் உள்ளதெல்லாம் கணிப்பு சம்பந்தப்பட்டது. ஆறு மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், எந்த மேசையில் சாப்பாடு முடியும் தறுவாயில் இருக்கிறது, எந்த மேசைக்குச் சீட்டு உள்ளே போய் நேரமாகிறது, எங்கே குழந்தை பசியில் சிணுங்குகிறது என்பதையெல்லாம் நடந்துகொண்டே மனத்தில் வைத்திருக்க வேண்டும். அடுப்படியில் ஊத்தப்பக் கல் நிறைந்திருந்தால் அடுத்த மேசைக்கு இட்லியைப் பரிந்துரைக்கத் தெரிய வேண்டும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் சொன்னால், சட்னியில் கடலை இருக்கிறதா என்று ஊகிக்காமல் உள்ளே போய்க் கேட்டு வரும் பொறுப்பு வேண்டும். குழம்பு ஆறிப்போயிருக்கிறது என்று சத்தம் போடுபவருக்கு உண்மையில் குழம்பு மேல் கோபமா, காத்திருந்த நேரத்தின் மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதற்குப் புதுக் குழம்பு போதும். இரண்டாவதற்கு அது போதாது. இலைச் சாப்பாட்டுக் கடையில் கை காட்டி மறுப்பவர்களில் யாருக்கு உண்மையிலேயே வேண்டாம், யாருக்குக் கூச்சம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்த சப்ளையர்கள் நம்மூரில் உண்டு. இவற்றில் எதையும் பாடமாக எழுதி மனப்பாடம் செய்ய வைக்க முடியாது. தவறு நேரும்போது பக்கத்தில் நிற்கும் ஒருவர் திருத்தித்தான் இது படியும். தவறு நேர வேண்டுமானால் வந்திருப்பவர் உண்மையான வாடிக்கையாளராக இருக்க வேண்டும். சக மாணவனை உட்காரவைத்து நடத்தும் ஒத்திகையில் யாரும் கோபப்படுவதில்லை.

இப்படிப் பழக்க முடியும் என்பதற்கு ஹனோய் நகரில் ஒரு சான்று இருக்கிறது. வியட்நாமில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஜிம்மி ஃபாம், 1999-ல் தெருவில் பிழைத்துக்கொண்டிருந்த ஒன்பது பிள்ளைகளோடு ஒரு சிறிய சாண்ட்விச் கடையைத் தொடங்கினார். அதுவே ‘கோட்டோ’ என்ற பயிற்சி உணவகமாக வளர்ந்தது. வறுமையிலும் ஆதரவின்றியும் வளர்ந்த இளைஞர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி. தங்க இடமும் உணவும் உண்டு. சமையல் அல்லது பரிமாறுதல் என்று ஒன்றைத் தேர்ந்து கற்கிறார்கள். ஆங்கிலமும் அன்றாட வாழ்வை நடத்தும் திறன்களும் பாடத்தில் சேர்ந்தவை. மெல்பர்னின் பாக்ஸ் ஹில் இன்ஸ்டிட்யூட்டோடு இணைந்து சான்றிதழும் தருகிறார்கள். அங்கே பயிற்சிக்கூடமும் உணவகமும் ஒன்றுதான், மேசையில் உட்கார்ந்திருப்பவர் பணம் கொடுத்துச் சாப்பிட வந்தவர். மொழியும் மேசைப் பழக்கமும் தெரியாத பிள்ளைகளை வைத்துச் சாதித்த அந்த இடமே இரண்டு ஆண்டு கேட்கிறது என்பதை நம் திட்டம் போடுபவர்கள் கவனிக்க வேண்டும். அது நன்கொடையைச் சார்ந்த அறநிறுவனம், ஒரு நாட்டின் தொழில் முழுவதற்கும் அதை மாதிரியாக்க முடியாது என்று சொன்னால், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாடு முழுவதற்குமான மாதிரி வேண்டுமென்றால் ஜெர்மனியைப் பார்க்கலாம். 1969-ல் இயற்றிய தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ், உணவகச் சேவை அங்கே மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி. பயிலுநர் ஓர் உணவகத்தோடு ஒப்பந்தம் போட்டு, முதல் மாதம் தொட்டே உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை பழகுகிறார்; தொழிற்பள்ளிக்கும் முறைவைத்துப் போகிறார். முடிவில் தேர்வு நடத்துவது அவருடைய முதலாளி அல்ல, வட்டாரத் தொழில் வர்த்தகச் சபை. ஆனால் இந்தச் சான்றை எடுத்துக்காட்டினால் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஓட்டல் துறையில் அங்கே கையெழுத்தாகும் பயிற்சி ஒப்பந்தங்களில் ஏறத்தாழப் பாதி இடையிலேயே முறிந்துவிடுகின்றன. மற்ற தொழில்களோடு ஒப்பிட்டால் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. ஊர் கூடும் நேரமெல்லாம் வேலை, வார இறுதியிலும் பண்டிகையிலும் விடுப்பில்லை, சம்பளமும் பிற தொழில்களைவிடக் குறைவு. அப்படியானால் மூன்றாண்டுப் பயிற்சி தோற்றுவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயிற்சி எவ்வளவு சீராக இருந்தாலும், வேலை நேரத்தையும் சம்பளத்தையும் அப்படியே விட்டுவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்பதைத்தான் அந்தக் கணக்கு காட்டுகிறது. பயிற்சித் திட்டத்தை அறிவித்துவிட்டு வேலை நேரத்தைப் பற்றி வாய் திறக்காத நம் அறிவிப்புகளுக்கு இது நல்ல எச்சரிக்கை.

“நான் செலவு செய்து பழக்குவேன், பக்கத்துக் கடைக்காரன் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டு போவான்” என்பது முதலாளிகளின் வாதம். பழக்குபவர் ஒருவர், இழுப்பவர் பத்துப் பேர் என்றிருக்கும் வரை இது சரியான வாதம். எல்லோரும் பழக்கினால் இது வலுவிழக்கும். அதற்காகத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. சட்டமும் ஏற்கெனவே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படியும் 2019-ல் திருத்திய விதிகளின்படியும், 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், பணியாளர் எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 2016-ல் தொடங்கிய தேசியத் திட்டம் உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், ஏற்றது. பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் ‘அப்ரென்டிஸ்’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஓட்டலில் அப்படியொருவரைப் பார்த்ததாகச் சொல்பவர் குறைவு. சிறிய கடைகளுக்கு இது கட்டாயமில்லை, உண்மை. ஆனால் நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒரு பழகுநரை முறைவைத்துப் பழக்குவதற்கு அந்தந்த ஊர் ஓட்டல் சங்கம் நினைத்தால் போதும். இப்போதும் செலவில்லாமல் இல்லையே. மூன்று மாதத்துக்கொருமுறை புது ஆள் பிடிக்கத் தரகருக்குக் கொடுப்பது, முன்பணம், ரயில் கட்டணம், பழகாத ஆள் கெடுத்த மேசைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கட்டும்.

“நம்ம பிள்ளைகள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள்” என்பது அடுத்த வாதம். ஏன் வரமாட்டார்கள் என்பதைச் சற்றுக் கூச்சமில்லாமல் பேசலாம். நம் ஓட்டல்களில் பரிமாறுபவர் ஒருவர், எச்சில் இலை எடுப்பவர் வேறொருவர். வேகத்துக்காகச் செய்த வேலைப்பிரிவினை மட்டுமென்று இதை ஏற்க எனக்கு மனமில்லை. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்த ஊர் இது. பலகைகள் மாறின, யார் கொண்டுவருவது, யார் அள்ளிப்போவது என்ற கோடு பல கடைகளில் அப்படியே நின்றது. கல்லூரிப் பாடத்திலோ மேசையைத் துப்புரவாக எடுப்பதும் பரிமாறுபவரின் வேலைதான். பழகுநர் முறை வந்தால் எல்லோரும் இரண்டையும் செய்து தேற வேண்டும் என்ற ஒரே விதி, நூறு மரியாதைப் பேச்சைவிட அதிகம் சாதிக்கும். பெண்களும் இத்தொழிலுக்கு வர வேண்டுமானால் இரவு வேலை முடிந்து வீடு திரும்ப வண்டியும், உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும். இவற்றைப் பயிற்சியின் பகுதியாக யாரும் கணக்கெடுப்பதில்லை.

அதோடு, பிகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இப்போதே நம் மேசைகளுக்கு அருகில் நிற்கிறார்கள். இங்கே பயிற்சி என்று பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது அபத்தம். நம் பயிற்சிகள் எல்லாவற்றிலும் ஆங்கிலம் ஒரு பாடம். திண்டுக்கல்லிலோ கும்பகோணத்திலோ சாப்பிட வருபவரிடம் பேசத் தமிழை யாரும் பாடமாக வைக்கவில்லை. மேசையில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தைப் படம் பிடித்து ஆர்டர் கொடுக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கட்டம் ஆர்டர் எடுக்கும் வேலையைத்தான் வாங்கிக்கொள்கிறது. குழம்பு ஆறிப்போனதற்கு அது பதில் சொல்லாது.

யார் சொல்லித்தருவது என்பதுதான் மிச்சமிருக்கும் சிக்கல். ஜெர்மனியில் பயிற்சி கொடுக்கவும் தனித் தகுதி உண்டு. தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, கற்பிக்கத் தெரியும் என்று தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். நமக்கு அந்த ஆட்கள் இல்லாமல் இல்லை. சிறுவனாக வந்து மேசை துடைத்துச் சப்ளையரானவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டி, சான்றிதழ் ஏதுமில்லாமல், நேற்று வந்தவரின் சம்பளத்தைவிடச் சற்றே கூடுதல் வாங்கிக்கொண்டு அதே கூடங்களில் நிற்கிறார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குக் கற்பிக்கும் முறையில் சில வாரம் பயிற்சி கொடுத்து, பழகுநர் ஒருவருக்கு இவ்வளவு என்று மாதப்படி நிர்ணயித்தால் ஆசிரியருக்குப் பஞ்சமிருக்காது. அந்தப் படி எவ்வளவு, அதில் சங்கத்தின் பங்கு எவ்வளவு, கடைக்காரரின் பங்கு எவ்வளவு என்ற கணக்கை ஓட்டல் சங்கங்கள் தங்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே போட்டுப் பார்க்கலாம்.