சைலென்சரைக் கழற்றுவதும் மாட்டுவதும்

மும்பையில் நான்கு மாதம் மழை. எஞ்சிய எட்டு மாதமும் கடற்காற்று. இவற்றுக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிளைக் காப்பாற்றுவது, அதற்கு வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டி முடிப்பதைக் காட்டிலும் கடினம் என்பது நமது அனுபவம். கடன் தீர்ந்து, பதிவுச் சான்றிதழிலிருந்து வங்கியின் பெயர் நீங்கிய மறு ஆண்டே, நமது வண்டியின் சைலென்சர் அடிப்பக்கம் துருவேறத் தொடங்கிற்று.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகையில் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் சைலென்சர் நன்கு சூடேறுவதால் அந்த ஆவி வெளியேறிவிடும். குடியிருப்பிலிருந்து ரயில் நிலையம் வரை இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் நம்மைப் போன்றோரின் வண்டியிலோ, அது குளிர்ந்து நீராகி உள்ளேயே தங்கித் தகட்டை அரிக்கிறது. அந்நீர் வடிவதற்கென்றே பல சைலென்சர்களின் அடியில் சிறு துளை வைத்திருப்பார்கள். அதை ஓட்டை என்று கருதி நாம் ஒருமுறை பசை வைத்து அடைத்ததும் உண்டு!

துருவைச் சுரண்டி, வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணம் பூச வேண்டுமாயின் சைலென்சரைக் கழற்றியாக வேண்டும். முதன்முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரும் கையுமாக அமர்ந்தோம். எஞ்சின் வாயில் இருக்கும் இரண்டு நட்டுகளுள் ஒன்று எளிதில் கழன்றது. மற்றொன்று அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் அழுத்தினோம். 'டக்'கென்று ஓசை கேட்டது; கழன்றுவிட்டதென மகிழ்ந்தோம். கையில் வந்ததோ நட்டும் அதனுள் முறிந்த ஸ்டட்டின் பாதியும். மறு பாதி அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றுவிட்டது. வண்டியை டெம்போவில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பி, முறிந்ததைத் துளையிட்டு எடுத்து, புதிதாக மரை வெட்ட வேண்டியதாயிற்று. மிச்சம் பிடிக்க நினைத்தது நானூறு ரூபாய். செலவானது இரண்டாயிரத்து முந்நூறு. வணிகவியல் படித்திருந்தும் இதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவதென்று விளங்கவில்லை.

மறு ஆண்டு அவசரப்படவில்லை. முந்தைய இரவே துரு தளர்த்தும் எண்ணெயை நட்டுகளின் மீது தெளித்து ஊறவிட்டோம். காலையில், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கையில், நட்டின் எல்லா முனைகளையும் பற்றும் ரிங் ஸ்பேனரால் சற்றே இறுக்கினோம், பின் தளர்த்தினோம், மீண்டும் அவ்வாறே. கால் சுற்று கழன்றால் இன்னும் இரண்டு சொட்டு எண்ணெய். முன்பக்க நட்டுகள் வந்த பின்னரே பின்புற பிராக்கெட்டின் போல்ட்டைக் கழற்றினோம். சைலென்சரின் எடையை மகன் தாங்கிக்கொண்டான்.

கழற்றியதை வைத்துக்கொண்டு மகன் ஒரு யோசனை சொன்னான்: பெருஞ்சத்தம் போடும் வேறொன்றை மாட்டினால் என்ன? தயாரிப்பாளரின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். எடுத்துச் சொன்னோம். முகம் வாடியது, ஆனால் துரு சுரண்டும் கம்பித் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

உண்மையில் கவனம் வேண்டியது மாட்டும்போதுதான். எஞ்சின் வாயில் வளையம் போன்ற ஒரு கேஸ்கெட் இருக்கும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. புதியது வாங்க அதிகம் செலவாகாது. பழையது உள்ளேயே ஒட்டியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து எடுத்துவிட வேண்டும். புதியது நழுவி விழாதிருக்கச் சிறிது கிரீஸ் தடவினால் போதும். எல்லாவற்றையும் முதலில் கையாலேயே மாட்டி, பின்பு முன்பக்க நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் பின்புற போல்ட்டை இறுக்கினோம். பின்புறத்தை முதலில் இறுக்கினால் குழாய் கோணலாக நின்று, புகை கசியும். நாளடைவில் பிராக்கெட்டும் விரிசல் விடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படி அமைந்த வண்டியாயின், முதலில் ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயரைப் பிரித்துவிட வேண்டும். அதன் வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் சைலென்சரை நெருப்பிலிட்டுக் கரி நீக்கிய வழக்கத்தை இதனிடம் காட்டலாகாது. சுத்தியலால் தட்டுவதும் தகாது.

வண்ணம் உலர்ந்ததும் திறந்த வெளியில் வண்டியைக் கிளப்பினோம். இணைப்பின் அருகே, தொடாமல், கையை வைத்துப் பார்த்தோம், காற்றுக் கசிவில்லை. சில நிமிடங்களில் சைலென்சரின் மேலிருந்து வெண்புகை எழவே, காவலாளி தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். புது வண்ணமும் மிச்ச எண்ணெயும் காய்கின்றன என்று சொல்லி, அவரைத் தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதுமென்றாயிற்று.