நாலு ஜேர்னல், நாலு அளவு
மொரிஸ் மைனர்: தொடர் – 6

கிராங்கைக் கழற்றிக் கழுவி அளந்த பிறகுதான் இந்த எஞ்சினின் நோய் எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. கனெக்டிங் ரொட் பூட்டும் ஜேர்னல்கள் நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இதிலோ நாலும் நாலு அளவு. எந்தக் காலத்திலோ ஒன்று தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் அரைத்து, அதற்குப் பொருந்திய பெயரிங்கைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். பிறகு அடுத்தது. கடையில் பெயரிங் செட்டாகத்தான் வரும். ஆகவே நாலு செட் வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு சோடியை மட்டும் எடுக்கலாம். அல்லது நாலையும் சமமாக அரைத்து 40க்கு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு குறைத்து, இறக்கலாம். 40க்கு இறக்குவதென்றே முடிவு செய்தோம். அதற்கும் கீழே போனால் பெயரிங் தேடுவது பெரும்பாடு. இந்தக் கிராங்குக்கு இதுதான் கடைசி அரைப்பு.

சிலிண்டர் புளொக்கும் இதே கதைதான். இது 1956 முதல் 1962 வரை வந்த 948 சிசி எஞ்சின். ஏற்கெனவே போரிங் செய்து பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறது. இனி அகட்ட இடமில்லை, ஸ்லீவ் அடிக்க வேண்டும். முதலில் கொடுத்த லேத் பட்டறையிலிருந்து வந்த வேலையில் ஒரு சிலிண்டரின் மேலும் கீழும் அளவு ஒத்துவரவில்லை. திரும்பவும் கழற்றி, திரும்பவும் ஏற்றி, இன்னொரு பட்டறை. அந்த வாரம் கராஜில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் கராஜ் இருக்கும் அக்கரைப்பற்றுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கடலோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீரைப் பல காலம் ரேடியேட்டருக்கு ஊற்றியிருக்கிறார்கள். இந்த எஞ்சினில் கசடு பின்பக்கம், 4ஆம் சிலிண்டரைச் சுற்றித்தான் போய்த் தங்கும். கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம். துருவும் சுண்ணாம்பும் கட்டி கட்டியாக வந்தன. தண்ணீர் ஓடாமல் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எத்தனை காலம் வெந்து கிடந்ததோ!

எல்லாவற்றிலும் அதிகம் எரிச்சலூட்டியவை போல்ட்டுகள். மொரிஸ் அங்குலப் புரிக்காரன். ஜப்பான் வாகனங்கள் நிறைந்த பிறகு கைக்கு வந்த மில்லிமீற்றர் போல்ட்டுகளை இதில் இறுக்கியிருக்கிறார்கள். 5/16 அங்குலத்துக்கும் 8 மில்லிமீற்றருக்கும் விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் பதினாறில் ஒரு பங்குதான். ஆனால் புரியின் நெருக்கம் வேறு. முறுக்கினால் ஏறும், புரியைத் தின்றுகொண்டு ஏறும்.

நான் முன்னாள் மெக்கானிக்குகளைத் திட்டத் தொடங்கியதும் எங்கள் கராஜ் காக்கா தடுத்தார். “அவங்க வேல தெரியாத ஆக்கள் இல்ல தம்பி. சாமான் இல்ல. நாளைக்கு வண்டி ஓடணும் எண்டு ஆள் வந்து நிண்டா வேறென்னத்தச் செய்யிற?”

அவர் சொன்னது சரி. 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்தது. பின்னர் போர், பஞ்சிகாவத்தையில் ஒரு பிஸ்டன் ரிங் வாங்க இங்கிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்புவதே ஒரு பயணப்பாடு. ஒவ்வொரு ஜேர்னலும் ஒரு தட்டுப்பாட்டுக் காலத்தின் கணக்கு. இந்தக் கார் இன்று பிரித்துப் பார்க்கவாவது மிஞ்சியிருப்பது அந்த ஒட்டுவேலைகளால்தான். அந்தக் கைகளைக் குறைசொல்ல எனக்கு இனி மனமில்லை. ஆனால் அளவை எங்காவது குறித்து வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் போகவில்லை.

நம் அதிர்ஷ்டம், இது ஏ-சீரிஸ் குடும்பம். 1951இல் ஒஸ்டின் ஏ30 காருக்காக வந்த இந்த எஞ்சின் வம்சம், மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை ஓடியது. அதனால் பெயரிங்கும் ரிங்கும் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. 1953 வரை வந்த 918 சிசி சைட்-வால்வ் மொரிஸ் வைத்திருப்பவர்களின் பாடு இதைவிடக் கடினம். இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் சென்டருக்கு ஒரு காலத்தில் நம் காலியிலிருந்தே பொடித் தகடுகள் அடித்து அனுப்பினார்கள். தகட்டைத் தட்டி எடுக்க நம்மிடம் கை இருந்தது. கிராங் அரைக்கும் நல்ல மெஷின்தான் இந்தப் பக்கம் அரிது.

ஹெட்டில் இன்னும் கை வைக்கவில்லை. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நம் நாட்டில் நின்றுபோனது. வால்வ் உட்காரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம். எனவே எக்ஸோஸ்ட் பக்கம் நாலுக்கும் கடினப்படுத்திய உருக்கு வளையம் இறக்க வேண்டும். அதற்கு முன் கொழும்புக்கு அனுப்பிய கிராங் திரும்பி வரவேண்டும்.