எண்பது ரூபாய்ச் சாப்பாடும் அதைத் தூக்கி வருபவரும்

டீ வருவதற்குள் ஒரு கேள்வி கேட்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறீர்கள். மறுநாள் முழுக்க ஓடி, அதற்கும் அடுத்த நாள் காலையில் புதுதில்லி போய்ச் சேருகிற வண்டி. கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர். இந்த வண்டியில் வேலை பார்க்கிறவர்களில், உங்களோடு கிளம்பி உங்களோடு இறங்குகிறவர் யார்?

லோகோ பைலட் இல்லை. ஒரே மூச்சில் சாதாரணமாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அவர் ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. விஜயவாடா, பல்லார்ஷா மாதிரிப் பெரிய ஸ்டேஷன்களில் ஆள் மாறிக்கொண்டே போவார்கள். கார்டும் மாறுவார் (2022லிருந்து அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர், நாம் இன்னும் கார்டு என்றுதான் சொல்கிறோம்). டிக்கெட் பரிசோதகரும் வழியில் கைமாற்றிவிட்டு இறங்கிவிடுவார். இவர்கள் எல்லோருக்கும் இறங்கிய ஊரில் ரன்னிங் ரூம், ஓய்வறை, படுக்கை உண்டு.

கடைசிவரை வருகிறவர்கள் ஏசி பெட்டியில் போர்வை கொடுப்பவர், கழிவறை சுத்தம் செய்பவர், பேன்ட்ரி காரில் சமைப்பவரும் பரிமாறுபவரும். கவனித்துப் பாருங்கள், இவர்களில் கிட்டத்தட்ட ஒருவர்கூட ரயில்வே ஊழியர் இல்லை. எல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்.

‘பேன்ட்ரிக்காரன் ஏன் போர்டில் போட்ட விலையைவிடக் கூடக் கேட்கிறான், டீ ஏன் வெந்நீர் மாதிரி இருக்கிறது’ என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே போகவேண்டும்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் போவோம். பேன்ட்ரி கார் பெரும்பாலும் வண்டியின் நடுவாக்கில் இருக்கும். ஒரு ஓரமாக ஒருவர் நடக்கிற அளவுக்கு நடைவழி; மற்ற இடமெல்லாம் சமையலறை. வெந்நீர் கொதிக்கிற பாய்லர், சூடு ஆறாமல் வைக்கிற பெட்டிகள், தண்ணீர் பாட்டில் குளிரூட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி, வெங்காயம் உருளைக்கிழங்கு மூட்டைகள். பழைய ஐசிஎஃப் ரகப் பெட்டிகளில் கேஸ் அடுப்பு இருந்தது. நாம் ஒரு கேஸ் சிலிண்டரோடு ரயில் ஏறினால் பிடித்து உள்ளே போடுவார்கள். நடுப்பெட்டியில் மட்டும் அது எரிந்துகொண்டே வந்தது! இப்போது ஓடும் எல்எச்பி ரகத்தில் மின்சார அடுப்புக்கு மாறிவிட்டார்கள். மே மாதத்தில் நாக்பூரைத் தாண்டும்போது அந்தப் பெட்டிக்குள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அடுப்பு எதுவானாலும் வெக்கை வெக்கைதான்.

நெடுந்தூர வண்டியில் சாதாரணமாக இருபது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். ஒரு மேனேஜர், இரண்டு மூன்று சமையல்காரர்கள், கழுவ, நறுக்க, பொட்டலம் கட்டச் சிலர். மற்றவர்கள் எல்லாம் நடப்பவர்கள். பேரர் என்பது பழைய பேர், வெண்டர் என்பது புதுப் பேர். பெரும்பாலும் வடமாநிலத்து இளைஞர்கள்.

நடப்பவர்கள் என்று சும்மா சொல்லவில்லை. எல்எச்பி பெட்டி ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 24 மீட்டர். 22 பெட்டி கோத்த வண்டி அரை கிலோமீட்டரைத் தாண்டும். நடுவிலிருந்து கடைசிப் பெட்டிக்குப் போய்த் திரும்பினால் அதுவே அரை கிலோமீட்டர். விடிந்ததும் டீ, பிறகு டிபன், பத்து மணிவாக்கில் மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுக்க ஒரு நடை, பல்லார்ஷா தாண்டிச் சாப்பாடு, பிறகு காசு வாங்க ஒரு நடை, குப்பை எடுக்க ஒரு நடை, சாயங்காலம் டீயும் கட்லெட்டும், திரும்ப ஆர்டர், போபாலை ஒட்டி ராத்திரிச் சாப்பாடு. நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் எடுக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. பெட்டி நம்பர் தலைப்பில். கீழே 41 இரண்டு வெஜ், 44 ஒரு முட்டை பிரியாணி, 52 ஒரு சிக்கன். அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் கழித்து, தோளில் பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வருவார். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் காலுக்கடியில் இரும்புத் தகடுகள் எதிரெதிராக வழுக்கிக்கொண்டிருக்கும். அங்கே அவர் கீழே பார்ப்பதில்லை. கதவை முழங்கையால் தள்ளி, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இடுப்பை வைத்துத் தாண்டிவிடுவார். 44ஆம் நம்பர்க்காரர் இதற்குள் 60ல் யாரோடோ சீட்டு மாற்றிக்கொண்டு போயிருப்பார். முகத்தை வைத்துத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பார்.

இனி விலைக்கு வருவோம். 2019 நவம்பரில் ரயில்வே வாரியம் நிர்ணயித்த விலைப்படி மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிக்குள் சைவச் சாப்பாடு 80 ரூபாய். அதே சாப்பாடு ஸ்டேஷன் கடையில் 70. வண்டிக்குள் முட்டைக் குழம்போடு 90, சிக்கன் குழம்போடு 130. சைவ டிபன் 40. டீ பை போட்ட டீ 10. ரயில் நீர் ஒரு லிட்டர் 15ஆக இருந்து, 2025 செப்டம்பரில் 14 ஆனது. இந்த விலைகளை ஒப்பந்தக்காரர் கூட்டவே முடியாது. நம்மைப் பொறுத்தவரை நல்லதுதான்.

ஆனால் ஒப்பந்தக்காரர் வண்டியைப் பிடித்த விதம் என்ன? ஏலம். இந்த வண்டியில் இத்தனை ஆண்டு சாப்பாடு விற்கும் உரிமைக்கு, உரிமக் கட்டணமாக இவ்வளவு தருகிறேன் என்று அதிகம் சொல்கிறவருக்கு வண்டி. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகையைக் கட்டவேண்டும். ஆக, விற்கும் விலை மேலே பூட்டப்பட்டிருக்கிறது, உரிமக் கட்டணம் கீழே பூட்டப்பட்டிருக்கிறது. அசைக்க முடிந்தவை மூன்றுதான். தட்டில் விழும் அளவு, போடும் பொருளின் தரம், ஆளுக்குக் கொடுக்கும் கூலி. பருப்பு தண்ணீராவதும் டீ வெளுப்பதும் முதல் இரண்டிலிருந்து வருகின்றன. போர்டு விலையைவிடக் கூடக் கேட்பது மூன்றாவதிலிருந்து வருகிறது.

பரிமாறுகிறவர்களில் நிறையப் பேருக்கு மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. விற்றதற்குக் கமிஷன். விற்காமல் திரும்பியது அவர் கணக்கில் ஏறுகிற வண்டிகளும் உண்டு. காசு கொடுக்காமல் இறங்கிப் போனவரின் சாப்பாடும் அப்படித்தான். அந்த ஓட்டையை அடைக்க அவருக்கு இருக்கிற ஒரே வழி, நம்மிடம் பத்து ரூபாய் கூடக் கேட்பது. அது தப்புதான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாய் அவருடைய பேராசையிலிருந்து மட்டும் வரவில்லை.

இந்தக் கமிஷன் முறை நேற்று முளைத்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் சாப்பாடு தனியார் கம்பெனிகளிடம் இருந்தது. தெற்கே ஸ்பென்சர், கல்கத்தாப் பக்கம் கெல்னர். சுதந்திரத்துக்குப் பிறகு பயணிகளின் புகார் பெருகி ஒரு குழு போட்டார்கள். அதன் தலைவர் அப்போதைய ரயில்வே துணை அமைச்சர், நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஓ.வி. அழகேசன். ரயில்வேயே சில இடங்களில் சமைத்துப் பரிமாறட்டும் என்ற யோசனை 1955ல் நடைமுறைக்கு வந்தது. சமையலறை அரசாங்கத்துடையது ஆனது. பரிமாறியவர்களில் பலர் அப்போதும் கமிஷன் பேரர்கள்தான். உடுப்பு ரயில்வேயுடையது, ஆள் ரயில்வேயுடையவர் இல்லை. 1980களில் அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், படிப்படியாக வேலையில் எடுத்துக்கொள்ள உத்தரவு வாங்கினார்கள்.

அப்படி வேலையில் சேர்கிறவர்களின் வரிசை மெல்ல முடிந்துகொண்டிருந்தபோது 1999ல் ரயில்வேயின் உணவு, சுற்றுலா நிறுவனமான ஐஆர்சிடிசி பிறந்தது. 2005ல் சாப்பாட்டுப் பொறுப்பு அதனிடம் போனது. 2010ல் பெரும்பகுதி மண்டல ரயில்வேகளுக்குத் திரும்பியது. 2017ல் மறுபடி ஐஆர்சிடிசிக்கு. பொறுப்பு பந்து மாதிரி கைமாறியபோதெல்லாம் மேலே பெயர்ப்பலகை மாறியது. கீழே பேன்ட்ரியில் இருந்தவருக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 2017 கொள்கை சமையலையும் பரிமாறலையும் பிரித்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பெரிய சமையலறையில் சமைத்து வண்டியில் ஏற்றுவது, வண்டிக்குள் சூடாக்கிக் கொடுப்பது என்பது திட்டம். வந்தே பாரத்தில் பேன்ட்ரி காரே கிடையாது, சூடுபடுத்த ஒரு மூலை மட்டும்தான். அன்றாட வண்டிகளில் உட்கார்ந்து சாப்பிடுகிற டைனிங் கார் என்றால், 1930லிருந்து ஓடும் மும்பை–புனே டெக்கான் குயினோடு சரி.

அதே 2017ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையை ஞாபகம் வைத்திருப்பீர்கள். 74 ஸ்டேஷன்களிலும் 80 வண்டிகளிலும் நேரில் போய்ப் பார்த்து எழுதியது. குழாய்த் தண்ணீரை அப்படியே டீ, காபிக்கு ஊற்றுகிறார்கள், குப்பைத் தொட்டிக்கு மூடியில்லை, பில் கொடுப்பதில்லை என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பத்திரிகைகள் பேன்ட்ரி ஆட்களைக் கிழித்தன. அந்த ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

எங்கே தூங்குகிறார்கள்? ராத்திரிக் கணக்கை மேனேஜரிடம் ஒப்படைத்து முடிக்கும்போது பதினொன்று தாண்டிவிடும். பேன்ட்ரி காரில் இரண்டொரு படுக்கை இருந்தால் அது மேனேஜருக்கும் மூத்த சமையல்காரருக்கும். மற்றவர்கள் தரையில், மேடை மேல், மூட்டைக்கு நடுவில், கதவோரத்தில். விடியற்காலை நாலரைக்குப் பாய்லர் மறுபடி கொதிக்கவேண்டும். திப்ருகார்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் மாதிரி 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி என்றால் இப்படியே மூன்று ராத்திரி. லோகோ பைலட்டுக்கான ஒன்பது மணி நேர விதி இவருக்குக் கிடையாது. அந்த விதி ரயில்வே ஊழியருக்கு எழுதியது.

வேறு எங்காவது வேறு மாதிரி இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கத்து எமரிவில் வரை போகும் கலிபோர்னியா செஃபிர் வண்டியிலும் இரண்டு ராத்திரி. டைனிங் கார் ஆட்கள் கடைசிவரை போகிறார்கள். ஆனால் அவர்கள் ஆம்ட்ராக் கம்பெனியின் சொந்த ஊழியர்கள். சங்கம் உண்டு. தூங்குவதற்கென்றே வண்டியில் ஊழியர் பெட்டி ஒன்று உண்டு. அதுவும் சும்மா கிடைத்ததல்ல. புல்மன் கம்பெனியின் தூங்கும் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் டிப்ஸை நம்பித்தான் வாழ்ந்தார்கள். ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925ல் சங்கம் கட்டி, 1937ல்தான் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். மாதம் 400 மணி நேர வேலை 240 ஆகக் குறைந்தது அதில்தான். அங்கேயும் சிக்கனம் என்றால் முதலில் சமையலறையைத்தான் பார்ப்பார்கள். சாப்பாட்டு நஷ்டத்தை ஒழிக்கச் சொல்லி 2015ல் சட்டம் வந்தது. 2019ல் கிழக்குப் பக்க வண்டிகளில் சுடச்சுடச் சமைப்பதை நிறுத்தி, தயார் உணவைக் கொடுத்து, ஆட்களைக் குறைத்தார்கள்.

நம் ஊரில் 2020 மார்ச்சில் வண்டிகள் நின்றபோது பேன்ட்ரியும் நின்றது. வண்டிகள் மெல்ல மெல்லத் திரும்பின. சமைத்த சாப்பாட்டுக்கு 2021 நவம்பர் வரை அனுமதி வரவில்லை. விற்றால்தான் கமிஷன் என்றிருந்தவருக்கு அந்த ஒன்றரை வருடம் என்ன ஆகியிருக்கும்? அவர் பெயர் எந்த ரயில்வே சம்பளப் பட்டியலிலும் இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? ‘பில் இல்லையென்றால் பணம் வேண்டாம்’ என்று ரயில்வேயே அறிவித்திருக்கிறது. ஆகவே பில் கேளுங்கள். கேட்டால் எரிச்சல்படுவார், மெஷின் சார்ஜ் இல்லை என்பார். மேனேஜரிடம் இருக்கும், வாங்கி வரச் சொல்லுங்கள். பில் போட்ட விற்பனை ஒப்பந்தக்காரரின் கணக்கில் ஏறுகிறது. போடாத விற்பனைக்குத் தடயமே இல்லை. உடுப்பும் அடையாள அட்டையும் இல்லாமல் வாளியோடு வருகிறவர் பேன்ட்ரி ஆளே இல்லை. உரிமமில்லாமல் வண்டியில் விற்பது 1989 ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவின்படி குற்றம். அவர் கொடுத்த சமோசாவுக்குப் பேன்ட்ரி பேரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

சாப்பாடு கெட்டிருந்தால், விலை கூடியிருந்தால் 139க்கு அடியுங்கள், அல்லது ரயில்வேயின் ‘ரயில் மதாத்’ புகார்ச் செயலியில் எழுதுங்கள். எழுதும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பரிமாறிய பையன் பெயரை மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். அப்படிப் போட்டால் அந்தப் பையனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, இன்னொருவரை ஏற்றி, அதே பருப்பைத் தொடர்வார்கள். பில்லிலோ சாப்பாட்டுப் பெட்டி மேல் ஒட்டிய சீட்டிலோ உரிமக்காரர் பெயர் இருக்கும். அதைப் போட்டு, வண்டி எண்ணும் தேதியும் சேர்த்து எழுதுங்கள்.